மூன்றாம் மேசையின் விசைப்பலகை

அத்தியாயம் 9

விசாரணை பிற்பகல் மூன்று மணிக்கு. காலை ஒன்பது இருபதுக்குத் துப்பறியும் இங்க்ரிட் ஹால்வர்சனின் கையில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. அதை மடித்தாள், பிரித்தாள், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தாள், மறுபடியும் மடித்தாள். வெளியே ஸ்டில்மன் பே நகரத்தின் மேல் தூறல் விட்டபாடில்லை.

"இன்னும் ரெண்டு தடவை மடிச்சீங்கன்னா அது கப்பலாயிடும் பாஸ்," என்றான் ரூஃபஸ் டில்மன்.

ரூஃபஸ் அவளுடைய உதவியாளன். முப்பத்தாறு வயது. முன்பு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். வந்தவர்களையெல்லாம் கிண்டலடித்தே கடையை மூட வைத்தவன் என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

கப்பல் ஆகப்போகிற அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் பேச்சு போயிருந்தது. பதினோரு நாளைக்கு முன்பு, காலை ஆறு பத்துக்கு, பெர்னிஸ் காஃப்மன் என்ற அம்மாள் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். சாப்பாட்டு மேஜையில் கணவர் சைலஸ் சரிந்து விழுந்துவிட்டார், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது என்றார். வீடு ஆல்டர் ஸ்ட்ரீட், 418. ஆம்புலன்ஸ் போய் நின்ற இடம் நகரத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் ஆல்டர் கோர்ட், 418. அங்கிருந்து திரும்பி வருவதற்குள் பதினெட்டு நிமிடம் வீணாகிவிட்டது. சைலஸ் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அழைப்பை அவசர அழைப்பு நிலையத்தில் எடுத்தவள் மேவிஸ் ட்ரூடெல். அலுவலகப் பதிவில் 'கோர்ட்' என்று இருந்தது. தான் 'ஸ்ட்ரீட்' என்றுதான் அடித்ததாக மேவிஸ் சொன்னாள். அவள் அமர்த்திய இங்க்ரிட்டைத் தவிர யாரும் நம்பவில்லை. காரணம், அவளுடைய விசைப்பலகை.

மூன்று வருடத்துக்கு முன்பு அவளுடைய மணிக்கட்டு இரண்டும் வீங்கி, கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. டாக்டர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் அவள் எழுத்துகளின் இடத்தை மாற்றிப் பார்த்தாள். ட்வொராக் என்று ஒரு விசையமைப்பு உண்டு. அடிக்கடி வேண்டிய எழுத்துகள் எல்லாம் அதில் நடு வரிசைக்கு வந்துவிடும், விரல்கள் மேலும் கீழும் தாவ வேண்டியதில்லை. விசையின் தலையில் அச்சடித்திருப்பது பழைய எழுத்துதான், ஆனால் அமுக்கினால் திரையில் வருவது வேறு எழுத்து. வீட்டு மேக் கணினியில் மூன்று மாதம் பழகினாள். கை தேறியதும் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, அலுவலகத்தில் தன்னுடைய மூன்றாம் மேசையில் இருந்த இரண்டு கணினிகளிலும் அதையே அமைத்துக்கொண்டாள்.

அதுதான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்திருந்தது. பாதி பழைய அமைப்பு, பாதி புதிய அமைப்பு என்று விரல் குழம்பி எழுத்து மாறிவிட்டது என்பது அலுவலக வக்கீலின் வாதம். மூன்று மணிக்கு அது நிலைத்துவிட்டால் மேவிஸ் இனி எந்த ஊரிலும் அவசர அழைப்பு எடுக்க முடியாது. அந்தச் சின்ன நகரத்தில் காய்கறி வாங்கப் போனாலும் சைலஸின் வாயை அடைத்தவள் என்றுதான் பார்ப்பார்கள்.

அந்த வாதத்தின் ஒரு காலை ரூஃபஸ் முந்தின நாளே ஒடித்திருந்தான். பதிவில் ஸ்ட்ரீட்டுக்கு 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து, கோர்ட்டுக்கு 'சி'. பழைய பழக்கத்தில் ட்வொராக் கணினியில் எஸ் அடித்தால் திரையில் 'ஓ' வரும். ட்வொராக் பழக்கத்தில் பழைய கணினியில் எஸ் அடித்தால் அரைப்புள்ளி வரும். எப்படிக் குழம்பினாலும் 'சி' வராது.

"சி வரணும்னா சி-யைத் தேடிப் போய் அமுக்கணும் பாஸ். அது குழப்பம் இல்ல, வேண்டுதல்," என்றான்.

ஆக, ஆம்புலன்ஸைக் கோர்ட்டுக்குத் திருப்பிவிட்ட யாரோ, அதை மறைக்கப் பதிவையும் பிறகு மாற்றியிருக்கிறார்கள். கோப்பின் நேரக்குறிப்புப்படி மாற்றம் நடந்தது அன்று காலை ஏழு நாற்பத்து நாலுக்கு, மூன்றாம் மேசையிலிருந்து. யார் உள்ளே நுழைந்தார்கள் என்ற குறிப்பு அழிக்கப்பட்டிருந்தது. ஆனால் மேவிஸ் தரப்புக்கு அலுவலகம் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களுக்குள், நுழைய முயன்று தோற்றவர்களின் பட்டியல் ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது. உள்ளே போனவர்களின் குறிப்பு ஓரிடத்தில் இருக்கும், போக முடியாதவர்களின் குறிப்பு இன்னோரிடத்தில் இருக்கும். அழித்தவருக்கு இரண்டாவது இடம் தெரியவில்லை.

அந்தப் பட்டியல்தான் இங்க்ரிட்டின் கையில் இருந்த தாள். ஏழு நாற்பத்து ஒன்றுக்கு, அடுத்தடுத்து மூன்று தடவை, ஒரே பெயர்: டேன். டேன். டேன்.

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் முதல் பெயர்தான் நுழைவுப் பெயர். டேன் என்று அங்கே இருப்பவன் ஒருவன்தான். பகல் வேலை பார்க்கும் டேன் ஓஸ்ட்ரம். மேவிஸோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், அவளுடைய உயிர் நண்பன்.

இங்க்ரிட் மேவிஸுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.  என் கைக்குக் கட்டுப்போட்டிருந்தபோது நாலு மாதம் என் வீட்டுப் புல்லை வெட்டியவன் அவன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மேவிஸ் போனை வைத்துவிட்டாள்.

"புல் வெட்டறவன் பதிவேட்டையும் வெட்டுவான்," என்றான் ரூஃபஸ்.

"கார எடு," என்றாள் இங்க்ரிட்.

டேனுக்கு அன்று விடுமுறை. ஃபெர்ன் தீவில் மைத்துனன் வீட்டுப் படகுத்துறையில் நண்டுக்கூடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. போக ஒரு படகு, வர ஒரு படகு. பன்னிரண்டு நாற்பதுக்குத் திரும்புகிற படகைத் தவறவிட்டால் விசாரணையைத் தந்தியில்தான் கேட்க வேண்டும் என்று ரூஃபஸ் கணக்குப் போட்டான். படகுக்கான வரிசையில் கார் நின்றதும் இங்க்ரிட் இறங்கி, முன்னால் நின்ற லாரி வரைக்கும் நடந்தாள், திரும்பினாள், மறுபடியும் நடந்தாள்.

"நடந்த நடைக்கு இந்நேரம் தீவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்," என்று ஜன்னலை இறக்கிச் சொன்னான் ரூஃபஸ். மடியில் மேப்பிள் பாகு தடவிய நீள டோனட் இரண்டு, அட்டைப்பெட்டியோடு இருந்தன. "உக்காருங்க. சர்க்கரை உள்ள போனா மூளை நகரும்னு டாக்டர் சொல்லியிருக்கார். எந்த டாக்டர்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் உட்காரவில்லை. இந்தத் துப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்ததுதான் அவளை உறுத்தியது. எதிர்வாதமே பேசாமல் ஒரு பெயர் தானாக வந்து மடியில் விழுந்தால், அதை யாரோ எறிந்திருக்கிறார்கள் என்று நினைப்பது அவளுடைய வழக்கம்.

டேன் ஆறடிக்கு மேல் உயரம். தாடியில் தூறல் முத்துமுத்தாக ஒட்டியிருந்தது. கம்பிக்கூட்டின் கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தவனிடம் இங்க்ரிட் தாளை நீட்டினாள். அவன் வாங்கிப் படித்தான். முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"இதை மேவிஸ் பாத்துட்டாளா?"

"சொன்னேன். நம்பல."

"அவ நம்பலைன்னா சரி," என்றவன் மறுபடியும் வலைக்குக் குனிந்தான். கை முடிச்சைப் போடாமல் சும்மா நின்றது.

அன்று காலை ஏழு நாற்பத்து ஒன்றுக்கு நீ எங்கே இருந்தாய் என்று இங்க்ரிட் கேட்டாள். முதலாம் மேசையில் இருந்ததாகச் சொன்னான். அதற்குச் சாட்சி உண்டா என்று ரூஃபஸ் கேட்டான். டேன் நிமிர்ந்து அவனைப் பார்த்த பார்வையில் ரூஃபஸ் ஒரு எட்டு பின்னால் வைத்தான். பின்னால் தண்ணீர் இருந்தது நினைவுக்கு வந்து நின்றுகொண்டான்.

"பொத்தானை முழுங்கின குழந்தை ஒண்ணு சாட்சி," என்றான் டேன். "ஏழு முப்பத்தெட்டுக்கு அதோட அப்பன் கூப்பிட்டான். குழந்தையைக் குப்புறப் போடு, முதுகுல தட்டு, மறுபடி தட்டுன்னு எட்டு நிமிஷம் காதுல மாட்டினதைக் கழட்டாம சொல்லிட்டிருந்தேன். குழந்தை வீல்னு அழுத சத்தத்தக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சேன். எல்லாம் பதிவாகியிருக்கு. போய்க் கேட்டுக்குங்க."

இங்க்ரிட் அங்கேயே நின்று போன் போட்டாள். அலுவலகத்தின் அழைப்பு ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, ஏழு முப்பத்தெட்டு முதல் ஏழு நாற்பத்தாறு வரை முதலாம் மேசையில் டேனின் குரல் இடைவெளியில்லாமல் இருப்பதாகச் சொன்னாள். ஒரே நேரத்தில் அவன் மூன்றாம் மேசையில் இருந்திருக்கவே முடியாது.

இங்க்ரிட் போனைப் பைக்குள் போட்டாள். பிறகு டேனிடம் நேராக மன்னிப்புக் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான், ஏற்றுக்கொண்டானா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் கூட விசாரணைக்கு வருகிறாயா என்று அவள் கேட்டதும், நண்டுக்கூட்டை அப்படியே போட்டுவிட்டு ஈர பூட்ஸோடு காரில் ஏறிக்கொண்டான்.

பன்னிரண்டு நாற்பது படகு மூடுபனியால் ஒன்று இருபத்தைந்துக்குத்தான் கிளம்பியது. அரை மணிப் பயணம். டேன் காரிலேயே கண்ணை மூடிக்கொண்டான். மேல்தளத்தில் இங்க்ரிட் கம்பிக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ரூஃபஸ் பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், உங்களைப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு. நம்ம துப்பு செத்துப்போச்சு, ஒத்துக்குவோம். டேன் மேல பழி போட யாரோ அவன் பேரை அடிச்சிருக்கான்."

"பழி போடறவன் ஒரு தடவை அடிச்சா போதாதா? எதுக்கு மூணு தடவை?"

"நல்லா அழுத்தமா விழட்டும்னு."

"இல்ல. மூணு தடவை அடிக்கிறவன் உள்ள போகணும்னு நெனைக்கிறவன். தன் பேரைத்தான் அடிச்சோம்னு நம்பறவன்." அவள் நடையை நிறுத்தினாள். "ரூஃபஸ், மேவிஸ் அந்த ரெண்டு கம்ப்யூட்டர்லயும் எப்படி மாத்தினா? நிதானமா சொல்லு. ஜோக் வேண்டாம்."

ஜோக் இல்லாமல் பேசுவது ரூஃபஸுக்கு மூச்சடக்குவது மாதிரி. ஆனாலும் சொன்னான். மேசையில் இருந்த முதல் கணினி அழைப்பு எடுப்பதற்கு, அது விண்டோஸ். அதில் மேவிஸ் தன்னுடைய கணக்குக்குள் போய்த்தான் அமைப்பை மாற்றியிருந்தாள். அங்கே விசையமைப்பு ஆளோடு வரும், ஆளோடு போகும். வேறொருவர் தன் பெயரில் நுழைந்தால் பழைய எழுத்துதான். இரண்டாவது கணினி பதிவேட்டுக்கு. அது பழைய லினக்ஸ் பெட்டி. அதில் மொத்த இயந்திரத்துக்கும் ஒரே ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் மேசைப் பதிவேட்டை மேவிஸைத் தவிர யாரும் தொடுவதில்லை என்பதால் அனுமதித்தார்கள்.

"அப்போ அந்தப் பெட்டில, பேர் கேக்குமே முதல் திரை, யாரும் உள்ள போகறதுக்கு முன்னாடி. அங்க எந்த எழுத்து?"

"மேவிஸோட எழுத்துதான். கதவுக்கு வெளியவே ட்வொராக்."

"இந்தப் பட்டியல் எந்தக் கம்ப்யூட்டரோடது?"

ரூஃபஸ் தாளை வாங்கினான். காலையிலிருந்து அவனும் அதைப் பத்துத் தடவை படித்திருந்தான், பெயரை மட்டும். இப்போதுதான் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த இயந்திரப் பெயரைப் பார்த்தான். விண்டோஸ் என்றே நினைத்து ஓடிக்கொண்டிருந்தோம் என்று முணுமுணுத்தான். அது பழைய பெட்டியின் பட்டியல்.

இங்க்ரிட் டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்தாள். பென்சிலால் இரண்டு வரிசை எழுத்துகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். மூன்று இடத்தில் கோடு போட்டாள். அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் நடக்கத் தொடங்கினாள், முன்பைவிட வேகமாக. ரூஃபஸ் எட்டிப் பார்க்கக் கேட்டதற்கு, உன் முகத்தில் எதுவும் தங்காது, அங்கே வந்து பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு ஐம்பத்தைந்துக்கு அவர்கள் அவசர அழைப்பு நிலையத்துக்குள் ஓடினார்கள். விசாரணை அதிகாரி வழுக்கைத் தலையும் தொங்கும் கண்ணாடியுமாகக் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார். அலுவலக வக்கீல் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார். சுவரோரம் மேவிஸ், நரைத்த குட்டை முடி, மடியில் கோத்த கைகள். கடைசி நாற்காலியில் பெர்னிஸ் காஃப்மன் அம்மாள், மழைக்கோட்டைக் கழற்றாமலேயே. வாசல் பக்கம் மேவிஸின் மேற்பார்வையாளர் ஹேல் ப்ரிட்சர்ட் நின்றார். இருபத்தாறு வருட சர்வீஸ். ஊரில் பாதிப் பேரின் குழந்தைகள் போனில் அவர் குரலைக் கேட்டுப் பிறந்தவை என்பார்கள். அன்று காலையும் அவர்தான் மேற்பார்வையில் இருந்தார்.

டேன் உள்ளே வந்து மேவிஸின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் எதுவும் கேட்காமல் அவன் கையை ஒரு தடவை பிடித்து அழுத்தினாள்.

வாதம் தொடங்குவதற்கு முன் எல்லோரும் மூன்றாம் மேசைக்கு வர வேண்டும் என்று இங்க்ரிட் கேட்டாள். வக்கீல் மறுத்தார். விசைப்பலகையைக் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள், அதை நேரில் பார்க்க என்ன தயக்கம் என்றாள். விசாரணை அதிகாரி எழுந்துவிட்டார்.

பதிவேட்டுக் கணினி தூசி படிந்து நின்றது. கறுப்புத் திரையில் பெயர் கேட்கும் ஒற்றை வரி. பதினோரு நாளாக அதை யாரும் தொடவில்லை என்று அலுவலகத்தின் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. விசாரணை அதிகாரியே அதைப் பிரித்தார். இங்க்ரிட் பட்டியலை அவரிடம் கொடுத்து, மூன்று தடவை பதிவான பெயரைக் காட்டினாள். வக்கீலின் கண் டேன் மேல் போய் நின்றது.

"டேன், உக்காந்து உன் பேரை அடி. எப்பவும் அடிக்கிற மாதிரி, கீயைப் பாத்து," என்றாள் இங்க்ரிட்.

டேன் தடித்த விரலால் மூன்று விசைகளைத் தட்டினான். திரையில் வந்தது ஈ, ஏ, பி. யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

வக்கீல், இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். டேன் இந்த இயந்திரத்தில் தன் பெயரை அடித்தால் டேன் என்று வராது என்பது தெரிகிறது என்றாள் இங்க்ரிட். அப்படியானால் இந்த அமைப்பு பழகியவள் மேவிஸ் ஒருத்திதான், நண்பனின் பெயரை அவள் அடித்திருப்பாள் என்று வக்கீல் மடக்கினார். அதற்குத்தான் காத்திருந்ததுபோல் ரூஃபஸ் முந்தின நாளே வாங்கி வைத்திருந்த மருத்துவமனைப் பார்வையாளர் புத்தகத்தின் நகலை மேசையில் வைத்தான். அன்று வேலை முடிந்ததும் மேவிஸ் வீட்டுக்குப் போகவில்லை. சைலஸ் காஃப்மனைப் பார்க்கப் போயிருந்தாள். ஏழு முப்பத்தைந்துக்குக் கையெழுத்து, எட்டு இருபதுக்கு வெளியேறிய குறிப்பு. பெர்னிஸ் அம்மாள் தலையைத் தூக்கி முதல் முறையாக மேவிஸைப் பார்த்தார்.

"ஐயா, நீங்களே உக்காருங்க," என்று இங்க்ரிட் விசாரணை அதிகாரியிடம் சொன்னாள். "திரையில டேன்னு வரணும், டி, ஏ, என். ஒவ்வொரு கீயா அமுக்கிப் பாருங்க. டி எங்க வருதோ, அந்தக் கீயோட தலையில என்ன அச்சடிச்சிருக்குன்னு சத்தமா படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடு வரிசையில் இடமிருந்து ஒவ்வொன்றாக அமுக்கினார். ஆறாவது விசையில் டி வந்தது.

"ஹெச்," என்று படித்தார்.

அடுத்து ஏ வேண்டும். அது மட்டும் இரண்டு அமைப்பிலும் ஒரே இடம்.

"ஏ."

என் வரும் வரைக்கும் வலது பக்கமாகத் தேடிக்கொண்டே போனார். ஒன்பதாவது விசை. அதன் தலையில் இருந்ததைப் படிக்க வாயெடுத்தவர் படிக்கவில்லை. மூன்றையும் வரிசையாக இன்னொரு தடவை அமுக்கினார். திரையில் டேன் என்று வந்தது. விரல் கடைசி விசையின் மேலேயே நின்றது.

"எல்," என்றார் மெதுவாக. "ஹெச், ஏ, எல்."

ரூஃபஸ் வாயைத் திறந்தான். ஆயுளில் முதல் முறையாக எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஹேல் ப்ரிட்சர்ட் போய்விடவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் அவசரமாக, எதுவும் பேச வேண்டாம் என்று அவரிடம் சொன்னார். ஹேல் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"நான் ரெண்டு விரலால அடிக்கிறவன். கீயைத்தான் பாப்பேன், திரையைப் பாக்க மாட்டேன்," என்றார். "மூணாவது தடவையும் உள்ள விடலைன்னதும்தான் நிமிர்ந்தேன். டேன்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம் எனக்கே என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

மிச்சத்தை அவர் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். ஆல்டர் கோர்ட்டில் முதியோர் இல்லம் இருந்தது. 418 அங்கேதான், வாரத்துக்கு மூன்று அழைப்பு வரும். அன்று மேவிஸ் ஸ்ட்ரீட் என்று அனுப்பியது அவருடைய மேற்பார்வைத் திரையில் வந்தது. 418 என்றதும் இது வழக்கமான இடம்தான், மேவிஸ் தவறாகக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தார். அவளிடம் கேட்க நாலு எட்டு நடந்தால் போதும். நடக்கவில்லை. தன் திரையிலிருந்தே கோர்ட் என்று திருத்தி ஆம்புலன்ஸுக்கு அனுப்பிவிட்டார். வேலை முடிந்து மேவிஸ் போன பிறகு திருத்தத்தை அழித்தார். அவளுடைய பதிவை மாற்றினால் மூன்றாம் மேசையின் எண்ணோடுதான் மாற வேண்டும் என்பதால் அங்கே வந்து உட்கார்ந்தார். எழுத்து மாறுவது புரிந்ததும், மேவிஸ் திரையோரம் ஒட்டியிருந்த விசைப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி உள்ளே போனார். தோற்ற முயற்சிகளையும் இயந்திரம் எழுதி வைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது.

மேவிஸ் அவர் எதிரில் வந்து நின்றாள். "பதினோரு நாளா நான் தூங்கல ஹேல். அடிச்சது எஸ்ஸா சியான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் போர்வை மேல விரலை வெச்சு அடிச்சு அடிச்சுப் பாத்தேன்."

ஹேல் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றப் பார்த்தார். கொக்கி அவர் விரலுக்கு அகப்படவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெர்னிஸ் அம்மாள் முன்னால் வந்தார். இத்தனை நாள் மேவிஸ் மேல் இருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். பிறகு ஹேலைப் பார்த்தார்.

"நான் ஸ்ட்ரீட்டுன்னு ரெண்டு தடவை சொன்னேன்."

"தெரியும்மா. அன்னிக்கு சாயங்காலம் ஒலிப்பதிவைக் கேட்டேன்."

"கேட்டுட்டா இந்தப் பொண்ண இங்க உக்கார வெச்சீங்க?"

 விசாரணை அதிகாரி, மேவிஸ் மேலான குற்றச்சாட்டைத் தள்ளுவதாகவும் மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். அவர் சொன்னதை அந்த அம்மாள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"சைலஸால பேச முடியாது," என்றார் ஹேலிடம். "ஆனா கேக்குது. எல்லாம் புரியுது. வண்டி ஏன் வரலைன்னு அவர் கண்ணாலயே கேட்டுட்டிருக்கார், எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நீங்க வந்து சொல்லணும். இன்னிக்கே. அதுக்கப்புறம் போலீஸ் கூட்டிட்டுப் போகட்டும்."

ஹேல் விசாரணை அதிகாரியைப் பார்த்தார். அவர் தானும் கூட வருவதாகச் சொல்லித் தொப்பியைத் தேடினார். ஹேல் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். வாசல் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி மேவிஸைப் பார்த்தார். 

மேவிஸ் நடந்து போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஓட்டறேன்," என்றாள். "வழி எனக்குத் தெரியும். பதினோரு நாளா தினமும் ஆஸ்பத்திரில அவர் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத்தான் இருக்கேன்."